மரத்துக்கு அடியில் ஒரு பேரிக்காய்

என் வீட்டுக்காரர் ஃபவுஸ்தினோவைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை எங்கள் பள்ளத்தாக்கில் வேறெங்கும் பார்க்க முடியாது. கார்தோனே ஊரில் முப்பது வருஷமாகத் துப்பாக்கிக் குழாய் செய்கிற மனுஷன். குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். உள்ளே விழும் நிழல்கோடு மயிரிழை வளைந்திருந்தாலும் சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் குழாயெல்லாம் போய்ச் சேருவது பெரிய வீட்டுக்கு. ஊரில் அந்தக் கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே மற்ற பாகங்களைப் பூட்டி, மேலே வாகை இலையும் கம்பெனிப் பெயரும் பொறித்து விற்பார்கள். பொறிப்பது யார்? சாட்சாத் நான்தான்! சமையலறை ஜன்னலோரம் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, என் புருஷன் செய்த குழாயில் இருபத்திரண்டு வருஷம் ஊரான் பெயரை வெட்டினேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

தனக்கென்று அவர் செய்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். குழாயின் அடிப்பக்கத்தில், முன்கட்டை மரம் வந்து மூடிவிடுகிற இடத்தில், துளியூண்டு பேரிக்காய் ஒன்றைக் குத்திவைப்பார். அது அவர் அப்பாவின் அடையாளம். உதிரிபாகம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இங்கே அதுதான் பழக்கம். வெளியே தெரிகிற இடம் பெரிய வீட்டுக்கு, மரத்துக்கு அடியில் நமக்கு.

கொஞ்ச வருஷத்தில் குழாயோடு, தோட்டாவை அடைத்துப் பிடிக்கிற பூட்டும் செய்துதரச் சொன்னார்கள், செய்தார். விசையும் கேட்டார்கள், கற்றுக்கொண்டு செய்தார். போன இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. புது இயந்திரம் வந்துவிட்டதாம். நாலு நிமிஷத்துக்கு ஒரு குழாய் அடித்துத் தள்ளுமாம். புத்தாண்டிலிருந்து வெளிப்பட்டறைகளுக்கு வேலை கிடையாது, ஃபவுஸ்தினோ வந்து அந்த இயந்திரத்தில் ஷிப்டு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு அவர் போலெந்தாக் களியைத் தொடவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், குழாய் நீ செய்யறே, பூட்டு நீ செய்யறே, விசை நீ செய்யறே. பாக்கி என்ன? மரம். என் தம்பி பாத்திஸ்தா கட்டை செதுக்கறவன்தானே, அவன் என்ன பிடிலா வாசிக்கிறான்? முழுத் துப்பாக்கியா நாமளே செஞ்சு விப்போம்!"

"நம்ம பேரு யாருக்குடி தெரியும்?" என்றார்.

ஆனாலும் செய்தோம். மலையாட்டு வேட்டைக்கு ஒற்றைத் தோட்டா ரைஃபிள். மூன்று மாதம் ஆயிற்று. போல்சானோ ஊர்த் துப்பாக்கி வியாபாரி ஓபர்ஹோஃபர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் இருபது துப்பாக்கி கேட்டால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் ஜனவரியிலிருந்து அந்த இயந்திரம்தான். சுட்டுப் பார்த்துச் சான்று தருகிற சர்க்கார் சோதனைச்சாலையின் முத்திரை இல்லாத துப்பாக்கியை அவர் தொடக்கூட மாட்டார்.

வியாழக்கிழமை சோதனைச்சாலைக்குப் போனோம். சுவருக்கு அந்தப்பக்கம் அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்து வைத்துச் சுட்டார்கள். ரைஃபிள் கல்லு மாதிரி நின்றதாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்த அதிகாரி பெல்லேரியின் முகம் சரியில்லை.

"எல்லாம் பிரமாதம் ஃபவுஸ்தினோ. ஆனா செஞ்சவர் பேரு எங்கே? முழுத் துப்பாக்கின்னா பேரு வேணுமே."

"இருக்கே!" என்றார் என் மனுஷன். முன்கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். பேரிக்காய்க்குப் பக்கத்தில், கொசு எழுதினது மாதிரி, அவர் பெயர்.

பெல்லேரி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, மரத்துக்கு உள்ள ஒளிச்சு வச்சா யாரு பாப்பா? வெளிய தெரியணும். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள போட்டுக் கொண்டாங்க."

வழியெல்லாம் கிழித்தேன். "முழுத் துப்பாக்கி செய்யத் தெரிஞ்சுது, அதுல பேரு போடத் தெரியலையா? என்ன, திருட்டுப் பொருளா?" அவர் மேல்கோட்டுக் காலருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நடந்தார். "கை பழகிடுச்சு எர்சிலியா" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை குழாயை இடுக்கியில் பொருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உளி ஒரு பக்கம் ஓட, என் வாய் ஒரு பக்கம் ஓடியது. கை பழகிவிட்டதாம், பெரிய கை! இப்படித் திட்டிக்கொண்டே வெட்டியவள், துகளை ஊதிவிட்டுக் குனிந்து பார்த்தேன். துருப்பிடிக்காமல் இருக்க நீலம் ஏற்றிய இரும்பில் பளிச்சென்று ஒரு இலை. வாகை இலை. பெரிய வீட்டு வேலையை எப்போதும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். என் புருஷனின் முதல் துப்பாக்கியில், என் கையாலேயே, அவர்கள் இலையை வெட்டியிருந்தேன்.

ராவி எடுக்கலாம். எடுத்தால் மறுபடி மெருகேற்றி நீலம் போட இரண்டு நாள் ஆகும். எங்களுக்கு இருந்தது ஏழு மணி நேரம். உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஃபவுஸ்தினோ, குடியைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

வந்து குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். நிமிர்ந்தால், சிரிக்கிறார்! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

"நேத்துலேர்ந்து என்னா திட்டு திட்டினே! இப்ப பாத்தியா? கைக்கு என்னடி தெரியும்?"

"சிரிக்காதய்யா, எனக்கு உயிரே போகுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். குழாய்க்குள் கோடு பார்க்கிற அதே பார்வை. "இலைதானே? இலைன்னா அதுக்குக் கீழ ஒரு பேரிக்காய் தொங்கக் கூடாதா?"

இலையை அகலப்படுத்தி, காம்பு வரைந்து, கீழே ஒரு பேரிக்காயைத் தொங்கவிட்டேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு, கொழுகொழுவென்று. பக்கத்தில் அவர் முழுப் பெயர். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் பெல்லேரி முத்திரை குத்தினார்.

மறுநாள் ஓபர்ஹோஃபர் வந்தார். காப்பியில் கிராப்பாச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். தொடவில்லை. ரைஃபிளை எடுத்தவர் குழாயின் மேல் விரலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். போச்சு, பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கேட்காமல்கூட முன்கட்டையைக் கழற்றி அடியில் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார் என் புருஷனிடம். "எங்க அப்பாவோட துப்பாக்கியைச் சின்ன வயசுல நான்தான் துடைப்பேன். மரத்தைக் கழட்டினா இந்தப் பேரிக்காய் இருக்கும். அது குறி தப்பினதே இல்ல. இன்னிக்கும் பெரிய வீட்டுச் சரக்கு வந்தா, ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்து, பேரிக்காய் இருக்கறதை நல்ல வேட்டைக்காரங்களுக்குன்னு தனியா எடுத்து வைப்பேன். யாரு செய்யறதுன்னு நான் கேக்காத ஆளில்ல. ஒருத்தருக்கும் தெரியல." பிறகு காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். "இருபது பத்தாது. நாப்பது வேணும்."

ஃபவுஸ்தினோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

திங்கட்கிழமை இரண்டாவது குழாய் என் இடுக்கிக்கு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் துளியூண்டு பேரிக்காய்.

"இன்னும் எதுக்குய்யா இது? அதான் மேல பெருசா வெட்டறேனே."

"மேல இருக்கறது உன்னோடது" என்றார். "கீழ இருக்கறது என்னோடது. ரெண்டும் இருந்தாத்தான் நம்ம துப்பாக்கி."

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை. உளியை எடுத்தேன், கோடு கலங்கலாகத் தெரிந்தது.

"வெளிச்சத்தை மறைக்காதய்யா, தள்ளி நில்லு" என்றேன். அவர் நின்றது ஜன்னலை விட்டுத் தள்ளி, மறைக்க வெளிச்சமே இல்லாத மூலையில்தான்.