பூப்போட்ட முகத்துணி

கேமரா கைக்கு வந்ததும் மோக்காம் முதலில் படம் பிடித்தது தன் கால் கட்டைவிரலைத்தான். வேண்டுமென்று இல்லை, எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியவில்லை. ஆனாலும் சிமெண்டு அப்பிய அந்த விரல் சின்னத் திரையில் தெரிந்தபோது, அடேயப்பா, இதுவா என் கால் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

தாய்லாந்தின் சியாங் மாயில் அந்தக் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைக்கு ஞாயிறுதோறும் செங் ஹோம் வருவாள். பெண்கள் சங்கத்துப் பெண், இவர்களைப் போலவே எல்லைக்கு அப்பால் பர்மாவிலிருந்து வந்த ஷான் இனத்துக்காரி. கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் அதைத் தொடவே மாட்டாள். இவர்களே ஒருவரையொருவர் எடுக்க வேண்டும், எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எது இருக்கலாம் எது வேண்டாம் என்று இவர்களே முடிவு செய்ய வேண்டும்.

"வேலையிடத்துல எதைப் பார்த்துப் பயப்படறீங்களோ, அதையே எடுங்க," என்றாள்.

எதை என்று எல்லாருக்கும் தெரியும். விட் என்ற மேஸ்திரியை. மூட்டை எண்ண வா என்று பெண்களைத் தனித்தனியே சிமெண்டு அறைக்குக் கூப்பிடுகிறவன். போன மாதம் மோக்காமைக் கூப்பிட்டான். கத்தினால் வேலை அட்டை போய்விடும் என்று மணிக்கட்டைப் பிடித்தான். உதறிக்கொண்டு ஓடி வந்தவள் தோழி லெங்கிடம் மட்டும் சொன்னாள். அட்டை முதலாளியம்மா வீட்டில் இருக்கிறது. அது போனால் போலீஸ், அப்புறம் எல்லை தாண்டிப் போகவேண்டியதுதான். மகளோ இங்கே பள்ளிக்கூடம் போகிறாள்.

"நான் சொல்றேன்," என்றாள் மோக்காம். "ஆனா முகம் தெரியக் கூடாது."

அதற்கென்ன, வழி கையிலேயே இருந்தது. வெயிலுக்காகத் தினமும் கட்டும் பூப்போட்ட துணியைக் கண் மட்டும் தெரியச் சுற்றி, மேலே தொப்பியை வைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். விட்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

படத்தைப் போட்டதும் எல்லாரும் ஒரே குரலில், "யார் பார்த்தாலும் இது மோக்காம்தான்னு சொல்லிடுவாங்க!" என்றார்கள்.

"மூஞ்சிதான் தெரியலையே, அப்புறம் எப்படிடீ?"

"தினமும் அந்தப் பூத்துணியைத்தானே பார்த்துட்டிருக்கோம்? வேலையிடத்துல உன் மூஞ்சியை எவ பார்த்தா?" என்றாள் லெங்.

கொட்டகையே சிரித்தது. மோக்காம் அந்தத் துணியைத் தலையிலிருந்து உருவினாள். வெறும் முகத்தோடு பேசியிருந்தால்கூட மேஸ்திரிக்குத் தெரிந்திருக்காது. இத்தனை பேர் கூடி யோசித்த லட்சணம் இது!

"அழிச்சுடலாம். உங்க படம், உங்க இஷ்டம்," என்றாள் செங் ஹோம்.

லெங் தன் ஊதாக் கட்டத் துணியை உருவி நீட்டினாள். "இதைக் கட்டிக்கிட்டு மறுபடி சொல்லு."

"உன்னைப் பிடிச்சுக்குவான்டீ."

"என் வாய்க்குப் பயந்துதானே அவன் என்னைக் கூப்பிடவே இல்லை? வரட்டும், பார்த்துக்கறேன்."

மறுபடி எடுத்தார்கள். முதலாளியம்மாவுக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. அவளுக்கு ஷான் பேச்சு புரியாது, அதனால் மோக்காமின் குரலுக்கு மேலே தாய்லாந்து பாஷையில் செங் ஹோம் தன் குரலைச் சேர்த்தாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கொட்டகை வாசலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். தொழிலாளர் பாதுகாப்புப் படம் என்றதும் தலைக்கவசத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று முதலாளியம்மா வந்திருந்தாள். பக்கத்தில் பீர் பாட்டிலோடு விட். மோக்காம் முகத்துணி இல்லாமல் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு அவன் பிடரியையே பார்த்தாள். என்ன செய்வான் இவன்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் சிரித்தான். சிமெண்டு அறை என்றதும் சிரிப்பு நின்றது. மணிக்கட்டு என்றதும் எழுந்துவிட்டான்.

"பொய்ம்மா! அது லெங்கோட துணி. லெங்கை நான் அந்த அறைக்குக் கூப்பிட்டதே இல்லை!"

யாரும் அவன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

முதலாளியம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "லெங்கைக் கூப்பிடலைன்னா, வேற யாரைக் கூப்பிட்டே?"

விட் பீர் பாட்டிலைக் கீழே வைத்தான். மோக்காம் பேசாமல் இருந்திருக்கலாம். அட்டை பிழைத்திருக்கும், மகள் படிப்பும் பிழைத்திருக்கும். ஆனால் கோபத்தை அடக்க முடியவில்லை.

"என்னைத்தான்," என்று எழுந்து நின்றாள்.

விட் திரும்பிப் பார்த்தான். யார் இவள் என்று அவனுக்குத் தெரியவில்லை.