வானம் ஏறி இறங்கிய சம்மதம்

மலேசியாவில், ஈப்போ தொலைபேசி அலுவலகத்தில் மற்ற பெண்கள் தங்கள் இணைப்புப் பலகையின் ஓரத்தில் பிள்ளை படமோ மாதா படமோ ஒட்டியிருப்பார்கள். நான் செயற்கைக்கோள் படம் ஒட்டியிருந்தேன். பக்கத்து நாற்காலி பெட்ரீசியாவுக்கு அதில் ஒரே கிண்டல்.

“எல்ஸி, இதுதான் உனக்குப் பார்த்த மாப்பிள்ளையாலா?” என்பாள், எங்கள் ஊர் ‘லா’வை வால்போல ஒட்டி.

கேட்டுவிட்டுப் போகட்டும். அது 1979. ரஷ்யாவும் அமெரிக்காவும் விட்டதை விடுங்கள், பக்கத்து வீட்டு இந்தோனேசியாகூடச் சொந்தமாக ஒன்றை வைத்திருந்தது. இந்தியா ஆரியபட்டாவை விட்டு நாலு வருடமாகிவிட்டது. வாயேஜர் வியாழன் கிரகத்தையே எட்டிப்பார்த்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்தேன். ஆனாலும் எனக்கு உயிர், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றிவரும், எங்கள் பேச்சைச் சுமக்கும் செயற்கைக்கோள்தான். ஈப்போவில் ஒருவர் ‘ஹலோ’ என்றால் அது குவாந்தானில் இருக்கும் பெரிய ஆண்டெனாத் தட்டிலிருந்து மேலே ஏறி இங்கிலாந்தில் போய் இறங்கும். இதைச் செய்த மனிதர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள்.

ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பக்கத்துப் புந்தோங்கிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். பிச்சைமுத்துவின் தலையெல்லாம் மரத்தூள். காம்பார் பக்கம் அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டுபோட்டு விற்ற பிறகு, இங்கே மர ஆலையில் ரம்பத்தின் பக்கத்தில் வேலை. அந்தச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், பதில் காதில் விழாது. வெளியிலும் அவருக்கு அதே பழக்கம்தான். லீட்ஸ் நகரத்து நர்ஸ் விடுதிக்கு ஒரு அழைப்பு வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி வீரம்மா என்னிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். மகள் மாரியம்மா அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறாள். மொரிஷியஸ்காரத் தமிழர் ஒருவரைச் சனிக்கிழமை கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ‘அப்பா ஒரு வார்த்தை சரியென்று சொல்லாவிட்டால் இனி வீட்டுப் பக்கமே வரமாட்டேன்’ என்று எழுதிவிட்டாள்.

“மூணு வாரம் குதிச்சாரு தங்கச்சி. இன்னிக்குக் காலையில தானா வந்து ‘வா, போலாம்’னாரு. இத விட்டா இன்னொரு தடவ இந்த மனுசன் இறங்கி வரமாட்டாரு.”

அதற்குள் பிச்சைமுத்து நிமிர்ந்துவிட்டார். “எம்பேச்சு எதுல தங்கச்சி போவுது?”

“செட்டலைட்ல, அண்ணே.”

“போன மாசம் அமெரிக்காக்காரன் விட்டது ஒண்ணு ஆஸ்திரேலியாவுல விழுந்துச்சே, அதுலயா?”

எனக்குச் சுருக்கென்றது. “அது வேற, இது வேறலா. இது விழாது!” என்றேன், நானே ஏறிப் போய் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தவள்போல. அது எவ்வளவு உயரம், எத்தனை பேச்சுகளை ஒரே நேரத்தில் தாங்கும் என்று பெருமையாக அளந்தேன். அந்தப் பெருமையில் வழக்கமாக எல்லோரிடமும் சொல்லும் ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன். பேச்சு அவ்வளவு தூரம் ஏறி இறங்குவதால் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பேசிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இணைப்பு கிடைத்தது. முதலாம் கண்ணாடி அறைக்குள் அவர் போனார். லைன் சரியா என்று பார்க்க நானும் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாரி! அப்பா பேசுறேன். எனக்குச் சம்மதம்!”

பேச்சு போய்ப் பதில் வர அரை விநாடி. கேட்டவள் அழுகையை அடக்கி வாய் திறக்க இன்னும் மூன்று நாலு விநாடி. அவ்வளவுதான். ஆனால் அவர் அதற்குள் வெடித்துவிட்டார்.

“பேசமாட்டியா? அப்பன் இறங்கி வந்தும் அவ்வளவு திமிரா? சரி, போ!”

போனை ஓங்கி வைத்தார். அது வைக்கப்பட்ட பிறகு என் காதில் அவள் குரல் வந்து இறங்கியது. “அப்பா…” அழுகை. “அப்பா, இருக்கீங்களா?”

“மாரியம்மா, வைக்காதம்மா. தப்பு என்னோடது. அப்பா வருவாரு,” என்று சொல்லிவிட்டுப் பெட்ரீசியாவிடம் லைனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பதினோரு வருட வேலையில் முதல்முறையாக அனுமதி கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடினேன்.

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். வீரம்மா பின்னால் ஏறாமல் நின்று அழுதுகொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க மக பேசுனா! நீங்க வச்சதுக்கப்புறம் வந்து சேந்துச்சு. பேச்சு மேல ஏறி இறங்கி வரணும்லா! நான் சொல்ல மறந்துட்டேன், என்னைத் திட்டுங்க. ஆனா உள்ள வாங்க.”

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியாதுதான், இருந்தாலும் பார்த்தார்.

“அவ்வளவு தூரமா போயி வருது?” என்றார். அன்று அவர் கத்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

“அவ்வளவு தூரம்தான். பேசிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நில்லுங்க.”

மறுபடியும் கண்ணாடி அறை. கதவைக்கூட மூட மறந்துவிட்டார்.

“மாரி. எனக்குச் சம்மதம்மா.”

சொல்லிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாமல், பதில் என்னவென்றும் தெரியாமல் நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மேலே நிற்கும் அந்த இரும்பை அந்த நேரத்தில் நான் எவ்வளவு நம்பினேன் என்று சொல்லி முடியாது. பிறகு அவர் முகம் உடைந்தது. கண்ணைத் துடைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

“சரிம்மா,” என்றார். நின்றார். “அவரையும் கூட்டிக்கிட்டு வா.” நின்றார். “இல்லம்மா, கோவம் இல்ல.”

பணம் கட்டிய மூன்று நிமிடம் முடிந்தது. அவர் வெளியே வந்ததும் வீரம்மா என் பக்கம் திரும்பினார்.

“இருபத்தாறு வருசம் தங்கச்சி. நான் பதில் சொல்ற வரைக்கும் இவரு ஒரு நாளும் நின்னதில்ல. அந்தச் செட்டலைட்டுகிட்ட நின்னுட்டாரு. நான் எம்மககிட்ட ஒரு வார்த்தை பேசலையே!”

பிச்சைமுத்து கத்த வாயைத் திறந்தார். பிறகு மூடினார். என்னிடம் வந்து இன்னொரு அழைப்புக்குப் படிவம் கேட்டார். மனைவியைப் பார்த்து, “நீ அவகிட்ட என்னா சொல்லணும்?” என்றார்.

கேட்டுவிட்டு நின்றார். பழக்கமில்லாததால் வீரம்மாவுக்குப் பதில் சொல்ல வெகுநேரம் பிடித்தது. அவர் நின்றுகொண்டேயிருந்தார்.