கரும்பலகையின் இடப்பக்கம்

உதடு குவிந்தே இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கௌசிகா எழுந்து நிற்கிறாள், பதினொரு வயது, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சுக்கோ, உள்ளே ஈ சொல்லு, பிரெஞ்சு து வந்துடும், அவ்வளவுதான், சொல்லு, என்கிறேன், பத்தாவது தடவையாகச் சொல்கிறேன், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்க்கிறார்கள், எனக்குத் தெரியும், அந்த ஒலி அவளுக்கு வராமல் இல்லை, வகுப்பிலேயே முதலில் வந்தது அவளுக்குத்தான், நாய்க்குட்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் சொல்வாள், பக்கத்தில் இருக்கும் சிநேகிதியைப் பார்த்துச் சொல்வாள், அப்பாவைப் பார்த்து மட்டும் சொல்ல மாட்டாள், மணி அடிக்கிற வரைக்கும் நின்றாள், நிற்க வைத்தவள் நான்.

ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழியாக இந்தியோ சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பள்ளியில் விட்டிருந்தார்கள், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தவள், அப்போது இருபத்தாறு வயது, பிரெஞ்சு மிஸ் என்று கூப்பிட்டால் எனக்குள் ஒரு தலைக்கனம் ஏறிக்கொள்ளும், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. பிரெஞ்சில் நீ என்பதற்கு து, நீங்கள் என்பதற்கு வூ, இதைச் சொல்லிக் கொடுப்பதுபோல் சுலபம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் இல்லை, இங்கிலீஷ்காரனுக்குத்தான் திண்டாட்டம், நமக்குக் கையிலேயே இருக்கிறதே என்று பெருமையாகக் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன், இடப்பக்கம் து, வீட்டார், சிநேகிதர், குழந்தைகள், நாய், பூனை, வலப்பக்கம் வூ, டீச்சர், பிரின்சிபால், கடைக்காரர், தெரியாதவர்கள். அப்பாவை எந்தப் பக்கம் எழுதலாம் என்று கேட்டபோது மொத்த வகுப்பும் வலப்பக்கம் மிஸ் என்று கத்தியது, கொங்குப் பிள்ளைகள், வாங்க போங்க இல்லாமல் வாய் திறக்காதவை, இல்லை, அங்கே அப்பாவையும் நீன்னுதான் சொல்வாங்க என்று இடப்பக்கம் எழுதினேன், நாய்க்கு மேலே, பூனைக்குப் பக்கத்தில், ஒரே சிரிப்பு, எங்கே போறேப்பா என்பதை து வா ஊ, பாப்பா என்று எழுதிக் காட்டியதும் சிரிப்பு கூரையைப் பிய்த்தது, அப்பாவைப் போய் பாப்பாங்கறாங்க மிஸ், வான்னு வேற சொல்றாங்க மிஸ், நானும் சேர்ந்து சிரித்தேன், எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, நான் என் அப்பாவை நீ என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தவள். கௌசிகா மட்டும் சிரிக்கவில்லை, அல்லது சிரித்தாளா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான்தான் ஏதேதோ எழுதிக்கொள்கிறேனோ என்னவோ.

பள்ளிகளுக்கு இடையே பிரெஞ்சுப் போட்டி வைத்திருந்தார்கள், அப்பாவும் மகளும் காலைச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்கிற காட்சி, மகளாகக் கௌசிகாவைத் தேர்ந்தெடுத்தேன், அவள் குரல் அப்படி, ஒத்திகையில் து வா ஊ பாப்பா வரவேண்டிய இடத்தில் வூஸாலே ஊ பாப்பா என்றாள், எங்கே போறீங்கப்பா, சுத்தமான பிரெஞ்சு, ஒரு பிழை கிடையாது, அந்த வினைவடிவத்தை நான் இன்னும் நடத்தவே இல்லை, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணையைத் தேடிப் பிடித்துத் தானாகவே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், அப்பாவை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து இலக்கணம் படித்திருக்கிறது, வேறு டீச்சராக இருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள், நான் தப்பு என்றேன். வீட்ல அப்பாவை எப்படிக் கூப்பிடுவே, நீங்கன்னுதான் மிஸ், இது வீடு இல்லை, து சொல்லு, மாட்டேன் மிஸ், அப்படியானால் நில்லு.

அவள் அப்பா எங்கள் பள்ளி வேன் டிரைவர், நாச்சிமுத்து, நாற்பது தாண்டியவர், நானும் அதே வேனில்தான் போய்வந்தேன், காலையில் நான் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாலும் தெருமுனையில் வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பார், வாங்க மிஸ் என்பார், இறங்கும்போது பார்த்துப் போங்க மிஸ் என்பார். அன்று சாயங்காலம் ஏறியதுமே ஆரம்பித்தேன், ஏம்ப்பா நாச்சிமுத்து, உன் பொண்ணு என்ன இவ்வளவு பிடிவாதம், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா, அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஜன்னலோரம் கௌசிகா உட்கார்ந்திருந்தாள், சொல்றேனுங்க மிஸ், சின்னப் புள்ளைங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க என்றார், நான் வண்டியை இப்படி ஓரமா நிறுத்துப்பா என்று சொல்லி இறங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதல் பீரியடிலேயே கையைத் தூக்கினாள், மிஸ் ஒரு சந்தேகம், சொல்லு, கரும்பலகையில் பழைய கோடும் இரண்டு பக்கமும் அழிக்காமல் அப்படியே இருக்கின்றன, நீங்க எங்கப்பாவை நீன்னு சொல்றீங்களே மிஸ், அப்ப எங்கப்பா உங்களுக்கு எந்தப் பக்கம் வருவாரு, நான் திரும்பி இடப்பக்கத்தைப் பார்க்கிறேன், வீட்டார் இல்லை, சிநேகிதர் இல்லை, குழந்தை இல்லை, அதற்குக் கீழே இருந்ததை நான் வாசிக்கவில்லை, அவள் வாசித்திருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், திமிராகக் கேட்கவில்லை அவள், சந்தேகம் என்றுதான் கேட்டாள், நானே எழுதிப்போட்ட விதியை வைத்துக் கணக்குப் போலப் போட்டுப் பார்த்தாள், விடை வரவில்லை, கேட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, வெளியே போ என்றேன், பிரின்சிபாலிடம் போய் எதிர்த்துப் பேசுகிறாள் என்றேன், என்ன பேசினாள் என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மத்தியானம் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார், புள்ள தெரியாமக் கேட்டுப்போட்டாளுங்க மிஸ், நீங்க மன்னிச்சுக்கோணும் என்று கையைக் கூப்பினார், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் அவள் நிற்கிறாள், என்னையே பார்க்கிறாள், சரி, நீங்க போங்க என்று சொல்லியிருந்தால் போதும், மூன்றே சொல், எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் போதும், சரி போப்பா என்றேன். அடுத்த வாரம் கௌசிகா இந்தி வகுப்புக்கு மாறிப்போனாள், போட்டியில் வேறு ஒரு பெண் து சரியாகச் சொன்னாள், கோப்பை வந்தது, நான் கோப்பையோடு போட்டோவில் சிரித்தபடி நிற்கிறேன்.

புத்தி வராமல் இல்லை, வந்தது, நாலைந்து நாளிலேயே வந்தது, ஆனால் நாக்கு திரும்பவில்லை, இத்தனை நாள் வா போ என்றவரைத் திடீரென்று வாங்க என்றால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா, பழையபடி நீ என்று சொல்லவும் வாய் கூசியது, இரண்டும் வேண்டாம் என்று தமிழில் ஒரு சந்து கண்டுபிடித்தேன், கிளம்பலாமா, சாப்பாடு ஆச்சா, இங்கேயே இறங்கிக்கறேன், ஏம்ப்பாவும் இல்லை, பெயரும் இல்லை, நீயும் இல்லை, நீங்களும் இல்லை, அந்த மனிதரோடு பதின்மூன்று வருஷம் இப்படியே பேசிவிட்டேன், மரியாதை கொடுத்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டும் இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் புது ஆறாம் வகுப்பு, கரும்பலகையில் கோடு போட்டதும் கை நின்றுவிடும், அப்பாவைக் கடைசியில்தான் எழுதுவேன், அவர்கள் ஊரில் இந்தப் பக்கம், உங்க வீட்டில் எப்படியோ அப்படியே சொல்லுங்க, தப்புப் போட மாட்டேன் என்பேன், யாருக்கோ சொல்ல வேண்டியதை யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, சிங்காநல்லூர்ப் பக்கம் வீடு, சாமியானா போட்டிருந்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் நாச்சிமுத்து படுத்திருக்கிறார், நெற்றியில் காசு ஒட்டியிருக்கிறது, அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார், வந்தீங்களா மிஸ், உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க, அந்தப் பிரெஞ்சு மிஸ்ஸு அதுக்கப்பறம் எம்பேரே சொல்லிக் கூப்பிடறதில்ல, இன்னும் கோவமாட்டம் இருக்குது, எம்புள்ள கேட்டது அத்தனை தப்பான்னு சொல்லிட்டே இருப்பாருங்க. அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, கௌசிகா, பெங்களூரில் வேலையாம், இருபத்து நாலு வயது, வெட்டி விட்ட முடி, செருப்பை எங்கேயோ உதறிவிட்டு ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தாள், எந்திரிப்பா, எந்திரி, நான் வர்ற வரைக்கும் நீ இருந்திருக்கக் கூடாதா, என்னை விட்டுட்டு நீ எங்கப்பா போன, எங்க போன, கண்ணாடியை அடித்து அடித்துக் கேட்கிறாள், வாழ்நாளில் ஒரு தடவையும் அவரைப் பார்த்துச் சொல்லியிராத நீ, நான் மணி அடிக்கிற வரை நிற்க வைத்தும் வராத நீ, அவள் வாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது, அங்கே யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, நான் ஒருத்திதான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். யாரோ என் கையில் மாலையைக் கொடுத்தார்கள், பெட்டிமேல் வைத்தேன், அவர் முகம் பக்கத்தில் இருந்தது, நாச்சிமுத்து அண்ணா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க, நான்தான், என்று ஆரம்பிக்க வேண்டும், நீங்க என்று ஒரு தடவையாவது அவரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், உதடு திறக்கிறது, அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை, அத்தனை பேரும் பார்க்கிறார்கள், அழுதுகொண்டிருந்த கௌசிகா தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, சொல்லுங்க மிஸ், என்றாள்.