வந்த நாளும் வராத நாளும்

1

இந்தக் கதை என் மனைவியிடமிருந்து திருடியது. செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. அக்கா வேணுமா, நிறுத்திடலாமா? வீட்டுல இருக்கிறது நீங்க. நீங்களே பேசிடுங்க."

கதவு சாத்தியதும் நான் அக்காவைப் பற்றி யோசிக்கவில்லை. நல்ல தொடக்கம் கிடைத்தது என்று அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு பத்திரிகைக்குக் கதை தருவதாகச் சொல்லி மூன்று மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். [ஏன்? வீட்டு வேலைக்கு வரும் அக்கா சரியாக வருவதில்லை. வீடு கிடக்கிற கிடையில் எழுத ஓடவில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.]

'நான்' என்று எழுதினால் நியாயமெல்லாம் என் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கதைக்குள் என்னை 'எழுத்தாளர்' என்று வைத்துக்கொள்கிறேன். அக்கா அக்காவாகவே இருக்கட்டும். எழுத்தாளரைவிடப் பத்து வயது மூத்தவர், அவரைத் தம்பி என்று கூப்பிடுபவர்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

மழை விடாமல் பெய்த ஒரு காலையில், வராத ஒருவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு

(மழை பெய்யவில்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது.)

உழைத்து உழைத்துக் காய்த்துப்போன அந்தக் கைகள்

(கையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆளைப் பற்றி எழுதாமலே தப்பித்துவிடலாம். வேண்டாம்.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அக்கா வர வேண்டியது திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணிக்கு. போன மாதம் பன்னிரண்டு நாளில் ஐந்து நாள் வந்தார். வருகிற நாளில் அவரைக் குறை சொல்ல வாய் வராது. ஜன்னல் கண்ணாடி நகரும் தடத்தில் சேர்ந்த அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பார். எழுத்தாளரின் மேசையையும் விடமாட்டார். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் அடுக்கி, மேசையைத் துடைத்து, அடுக்கை அப்படியே திரும்ப வைப்பார். கடைசித் தாள் மேலே வந்திருக்கும். எழுத்தாளர் தன் கதைகளை முடிவிலிருந்து படிக்கப் பழகிக்கொண்டார்.

வராத நாளில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு ஆறு மணிக்கு வரும் மனைவி, போட்ட உடுப்போடு பாத்ரூம் கழுவப் போவாள். (எழுத்தாளர் கழுவினால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். நாலாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

அக்கா ஏன் வருவதில்லை? எழுத்தாளர் முதலில் அவருக்கு ஒரு குடிகாரக் கணவனைக் கொடுத்தார். பிறகு கணவனை எடுத்துவிட்டு, நோயாளி மகளை வைத்தார். அப்புறம் முழங்கால் வலி. மூன்றிலும் கண்ணீர் கச்சிதமாக வந்தது. ஆனால் ஒன்றைக்கூட அக்காவிடம் கேட்டு எழுதவில்லை. புதன்கிழமை அக்கா வந்தபோது எழுத்தாளர் ஒருவழியாகக் கேட்டார்.

"அக்கா, திங்கக்கிழமை ஏன் வரல?"

"வரல தம்பி."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை இல்லாத வீடு எது? அதனாலயும் இல்ல." துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். பஸ்ஸும் வந்துச்சு. ஏறத் தோணல. அப்படியே உக்காந்துட்டேன். மூணு பஸ் போச்சு."

"மூணு பஸ்ஸா?"

"நல்லா இருந்துச்சு தம்பி. யாரும் எதுவும் கேக்கல." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "எப்படியும், வந்தாலும் வரலைன்னுதானே பேரு."*

*இதை எழுதிக்கொள்ளலாமா என்று எழுத்தாளர் கேட்டார். "எழுதுங்க. நான் அழுத மாதிரி மட்டும் எழுதிடாதீங்க" என்றார் அக்கா. அவர் அழவில்லை.

4

'வந்தாலும் வரலைன்னுதானே பேரு' என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதல் பகுதியில் நான் அடைப்புக்குள் ஒளித்ததை வெளியே எடுக்க வேண்டும். அதைப் படர்க்கையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி 'நான்' என்றே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஆசிரியர் போன் செய்தார். "வீட்டு வேலைக்கு வர்ற அக்கா இன்னைக்கும் வரலைங்க, அதான் உக்கார முடியல" என்றேன். அக்கா அப்போது என் மேசைக்கடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வசதியாக நான் இரண்டு காலையும் தூக்கி வைத்திருந்தேன். காலைத் தூக்கிக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "காலைக் கீழ வச்சிடாதீங்க தம்பி, ஈரம்" என்றார். அடுத்த வாரம் மூன்று நாளும் வரவில்லை.

அதற்கு முன்பும் அவர் ஒழுங்காக வந்தவரில்லை. என் பொய்தான் அவரைக் கெடுத்தது என்று எழுதினால், அதுவும் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வதுதான். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் இரண்டு வருடமாக அக்கா. பாத்ரூமை நான் ஏன் கழுவவில்லை என்று கேட்டீர்களே? எழுதிக்கொண்டிருந்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கவில்லை. பஸ்ஸைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருப்பதுபோல, தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

5

வியாழக்கிழமை மாலை இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா மேல எனக்குக் கோபம் இல்லைங்க," என்றாள். "எனக்குக் கால் வலிக்குது. அவ்வளவுதான்."

"நிறுத்திடலாங்கிறியா?"

"நிறுத்தலாம். அப்புறம் நீங்க யாரைக் காரணம் சொல்லுவீங்க? என்னையா?"

இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை. இரண்டு முடிவுகளை இரண்டு தாளில் எழுதி மேசையில் வைத்தேன்.

ஒன்றில், இனி வர வேண்டாம் என்று சொல்கிறேன். அக்கா அந்தப் பழைய பிரஷ்ஷைக் கழுவி, ஜன்னலோரம் காயவைத்துவிட்டுப் போகிறார். என் மனைவி புது ஆள் தேடுகிறாள். மற்றதில், அக்கா இருக்கிறார். தோன்றுகிற நாளில் வருகிறார், தோன்றாத நாளில் வருவதில்லை.

அவர் மேசையைத் துடைத்து முடித்ததும் எந்தத் தாள் மேலே வருகிறதோ அதுதான் முடிவு என்று நினைத்திருந்தேன். அவரை அனுப்புகிற வேலையைக்கூட அவர் தலையிலேயே கட்டப் பார்த்தேன். பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று.

போன் வந்தது. "என்னங்க, கதை என்னாச்சு? இன்னைக்கும் அக்கா வரலையா?" என்றார் ஆசிரியர்.

இந்த முறை அது உண்மை. "வரல," என்றேன். "ஆனா கதை நிக்கிறது அவங்களால இல்லைங்க. நான்தான் எழுதல. முன்னாடி சொன்னதுலயும் பாதி பொய்."

"சரி, அதையே எழுதி அனுப்புங்க" என்று ஆசிரியர் போனை வைத்துவிட்டார்.

எழுதிவிட்டேன். மீதி உங்கள் கையில். இரண்டு தாளும் மேசையில் இருக்கின்றன. எது மேலே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நான் பாத்ரூமில் இருக்கிறேன், முழங்கை வரை நுரை. வாசலில் மணி அடித்தது மாதிரி இருக்கிறது, குழாய்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும். அக்காவாக இருந்து, "தம்பி எங்க?" என்று கேட்டால், பாத்ரூம் கழுவுகிறார் என்று சொல்லுங்கள். நம்பமாட்டார். உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.