பதினோராவது பைப்

1

இந்தக் கதை என் படுக்கையறைக் கூரையிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

கூரையில் ஃபேன் மாட்டுவதற்கான வட்டப் பெட்டி இருக்கிறது. அதில் கொக்கி இருக்கிறது. சுவரில் ஸ்விட்ச் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் இரும்புப் பைப் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. பைப்புக்குள் வயர் மட்டும் இல்லை. ஜனக்புரியில் இந்த சொசைட்டி ஃப்ளாட்டுக்கு 1981இல் குடிவந்தோம். முறையிட்டபோது வீட்டுக்காரர், "டேபிள் ஃபேன் உடம்புக்கு நல்லது" என்றார்.

என் மனைவி விசாலாக்ஷி அந்த ஸ்விட்சைத் தினமும் சாயங்காலம் போடுவாள். அண்ணாந்து பார்ப்பாள். "போட்டு வெப்போம். அதுக்கா ஓடணும்னு தோணித்துன்னா ஓடட்டும்" என்பாள். ஆளைக் கூட்டிவந்து காட்டச் சொல்லி இரண்டு கோடை கேட்டாள். மூன்றாவது கோடையில் கேட்க

[இந்த வாக்கியம் இங்கே வேண்டாம்.]

போன ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் ஏசுதாஸ் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். ஏணியில் ஏறி, பெட்டியின் துளை வழியே நீளமான எஃகுக் கம்பியை உள்ளே விட்டார். போய்க்கொண்டே இருந்தது. நின்றது. ஸ்விட்ச் பக்கமிருந்து விட்டார். அதுவும் நின்றது. கம்பியை வெளியே எடுத்து முழம் போட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இது பச்சைமுத்துக்க வேலை சார். அண்ணைக்கு ஆயுத பூஜை. பெண்டர் சாமிகிட்ட இருந்துது. உள்ள ஒரு கோலி கெடக்கு."

அடுத்த ஞாயிறு உளியோடு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு ஒரு வாரம் கிடைத்தது. கையில் மூன்று வாக்கியம், ஒரு கோலி.

2

முதல் தொடக்கம்: "மின்சாரம் மனித நாகரிகத்தின் நரம்பு மண்டலம் என்றால்

[என்றால் என்ன? ஒன்றும் இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: "1979 செப்டம்பர் கடைசியில் அந்தக் காலையில் கண்விழித்தபோது, தன் வாழ்க்கை அன்றோடு மாறப்போகிறது என்பது பச்சைமுத்துவுக்குத் தெரியாது." யாருக்குத்தான் தெரியும். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் கருவியிலிருந்து. பெண்டர் என்பது கனமான ஓர் இரும்புத் தலை. அதில் வளைந்த ஒரு பள்ளம். பின்னால் மார்பளவு உயரத்துக்குக் கைப்பிடி. பைப்பைத் தரையில் போட்டு, பள்ளத்தில் மாட்டி, தலைமேல் ஒரு காலை ஊன்றி, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால் பைப் வளையும். நசுங்காமல் வளையும். அதுதான் விஷயம். நசுங்க வைக்க யாராலும் முடியும்.

இன்னொன்று. வளைத்த பைப் கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். அதனால் தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக வளைக்க வேண்டும். கான்ட்ராக்டர் கபூர் கொடுத்த வாக்குகளையும் பச்சைமுத்து இந்தக் கணக்கில்தான் வாங்கிக்கொள்வான்.

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

கபூர் கொடுத்த வாக்கு இது: இரண்டாம் மாடிக் கூரைக்குள் போகும் பைப்புகள் ஒழுங்காக அமைந்து, பூச்சு முடிந்தபின் எல்லாவற்றிலும் வயர் ஓடிவிட்டால், அடுத்த கட்டடத்துக்குப் பச்சைமுத்துதான் மிஸ்திரி. அவன் கீழே ஆள் வேலை செய்யும். ஒரு பைப் அடைத்தாலும் மீரட்டிலிருந்து வேறு கோஷ்டி வரும்.

பச்சைமுத்து கள்ளக்குறிச்சிப் பக்கத்தான். டெல்லிக்கு வந்து ஒன்பது வருஷம். முதல் நான்கு வருஷம் செங்கல் சுமந்தான். பெண்டர் சொந்தமாக வந்த பிறகுதான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவரை "ஏ மத்ராஸி." ஆகவே அவன் மனைவி தங்கம் நவமியன்று காலை அந்தப் பெண்டரைக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன் சாய்த்து வைத்தபோது அவன் மறுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. மறுநாள் மறுபூஜை செய்து, வடக்கே நாலு விரற்கடை நகர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். கூரை போடுவதும் இரண்டு நாள் கழித்துத்தான். பதினோரு பைப் பாக்கி. நல்ல நேரம் பார்த்து விஜயதசமியன்று வளைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கபூர் ஆள் அனுப்பினார். கூரை இன்றே. மறுநாள் தசரா, ஆள்கள் எல்லாரும் ராவணன் எரிவதைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாலு மணிக்குக் கான்கிரீட் மெஷின் ஓடும்.

4

"பெண்டர் கஹாங்?" என்றார் கபூர்.

"பூஜையில இருக்கு சாப்."

"யாருக்குப் பூஜை?"

"பெண்டருக்குத்தான்."

கபூருக்கு அது புரியாமல் இல்லை. அவர் ஊரிலும் தீபாவளிக்கு மறுநாள் விஸ்வகர்மாவுக்குக் கருவிகளை வைத்துக் கும்பிடுவார்கள். அவருக்குப் புரியாதது தேதி. "அவர் வர இன்னும் இருபது நாள் இருக்கிறதே. உங்கள் ஆள் ஏன் இப்போதே வருகிறார்?"

"தெக்கேருந்து வரணும் சாப். தூரம். முன்னாடியே கெளம்பிடுவாரு."

கபூர் நாலு விரலைக் காட்டிவிட்டுப் போனார். நாலு மணி.

பச்சைமுத்து நேராக ஏசுதாஸிடம் ஓடினான். இன்னொரு பெண்டர் அவனிடம்தான் இருந்தது. கிறிஸ்தவன். அவன் பெண்டருக்கு நவமி கிடையாது.

"நேத்து ஒங்க வீட்டுலதான பெண்டரு சாக்க வெச்சிட்டுப் போனேன்" என்றான் ஏசுதாஸ். அவன் வீடு இருந்த மோதி பாக் வரை பஸ்ஸில் தூக்கிப்போக அலுப்பு.

இருவரும் ஒரு மைல் தெற்கே, குடிசைகள் இருந்த திடலுக்கு ஓடினார்கள். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பெண்டர்கள் இருந்தன. இரண்டுக்கும் பொட்டு.

ஏசுதாஸ் குனிந்து பொட்டைப் பார்த்தான். "எனக்க பெண்டர எப்பம் மதம் மாத்துன தங்கம்?"

"ஒரே எடத்துல ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம உட்டா அது மனசு என்னா படும்ணே?"

"அது சி.எஸ்.ஐ. பெண்டரு."

"அதுங்கிட்ட கேட்டியா?"

பச்சைமுத்து குறுக்கே விழுந்தான். "தங்கம், வடக்க நகர்த்துனா எடுத்துக்கலாம் இல்ல? சைட்டு வடக்கதான் இருக்கு. நகர்த்திக்கிட்டே போறேன்."

"நாலு வெரக்கட நகர்த்துன்னா நாலு வெரக்கட. ஒரு மைலு நகர்த்துறதுக்குப் பேரு திருட்டு. சாமிகிட்டயே கான்ட்ராக்டு வேல காட்டாத."

[இந்தத் தங்கத்தை நான் நம்பவில்லை. பார்க்காத ஒரு பெண் இவ்வளவு சுளுவாகப் பேச வரக்கூடாது. முதல் பிரதியில் அவள் "நகர்த்திண்டே போவேளா" என்று கேட்டிருந்தாள். கள்ளக்குறிச்சிக்காரி அப்படிக் கேட்கமாட்டாள். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. திருத்திவிட்டேன். திருத்தியும் முழுக்கப் போகவில்லை.]

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி சேஷன் இதுவரை படித்துவிட்டு, "கடையில் புதிதாக ஒரு பெண்டர் வாங்கக்கூடாதா?" என்றார். நியாயம். ஆகையால் அன்று டெல்லியில் பெண்டர் விற்கும் கடைகளையெல்லாம் மூடிவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த ஒரு அதிகாரம்தான் இருக்கிறது.

5

பெண்டர் இல்லாமல் பைப் வளைக்கும் வழிகள், பச்சைமுத்து முயன்ற வரிசையில்:

சைட் ஆபீஸ் ஜன்னல் கம்பிக்குள் பைப்பை விட்டு இழுத்தான். நன்றாக வளைந்தது. ஜன்னல் கம்பி.

அடுத்தது கட்டில் கால். அது காவல்காரர் கட்டில். அவர் அதில் படுத்திருந்தார். மேலே எழுத வேண்டாம்.

கடைசியில் ஏசுதாஸ்தான் சொன்னான். "மணல் போடு மக்கா. உள்ள மணல் நெறஞ்சு நிண்ணா நசுங்காது." காய்ந்த மணலைப் பைப்புக்குள் இறுக்கி நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, வேப்பமரக் கவட்டையில் மாட்டி, இருவரும் தொங்கினார்கள். வளைந்தது. மணலைக் கொட்டிவிட்டுப் பச்சைமுத்து சட்டைப்பையிலிருந்து கோலியை எடுத்து ஒரு வாயில் போட்டான். மறு வாயில் உருண்டு வந்தது. கோலி போனால் வயர் போகும். அது அவன் வைத்திருந்த சோதனை. கபூரின் வாக்கைவிட அதைத்தான் நம்புவான்.

இப்படிப் பத்து பைப். மூன்றே முக்கால் மணி.

பதினோராவதுக்கு மணல் அள்ளப் போனான். மணல் குவியல் இல்லை. கான்கிரீட்டுக்காக மெஷினுக்குள் போய்விட்டது.

வெறும் பைப்பையே கவட்டையில் மாட்டினார்கள். வளைந்த சத்தம் சரியில்லை. கோலியைப் போட்டான். காத்திருந்தான். தட்டினான். தலைகீழாகக் கவிழ்த்தான். காதில் வைத்துக் கேட்டான். கோலி உள்ளேயே இருந்தது. போகவும் இல்லை, வரவும் இல்லை. வேறு பைப் இல்லை. மேலே ஆள்கள் கூவினார்கள்.

"பதினொண்ணுல ஒண்ணு" என்றான் ஏசுதாஸ். "எங்க வெச்சா கொறச்சலாத் தெரியும்?"

பச்சைமுத்து யோசித்தான். கூடத்தில் விருந்தாளி உட்காருவார். சமையலறையில் விளக்கு இல்லாமல் முடியாது. "படுக்குற ரூமு. தூங்குறவனுக்குக் காத்து வந்தா என்னா, வராட்டி என்னா. அவன்தான் தூங்குறானே."

[இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. டெல்லியில் ஒரு ஜூன் மாதம் கழித்தவர்களுக்குத் தெரியும். அவள் ஈரத் துண்டைத்

வேண்டாம்.]

பைப்பைக் கம்பிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினான். கான்கிரீட் விழுந்தது. அதற்குப் பிறகு அது யாருக்கும் பைப் இல்லை, கூரை.

6

ஏசுதாஸ் அவ்வளவு சிரித்ததற்கு இதுவரை எழுதியது போதாது. வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். நான் இதை வைக்கிறேன்:

ஐந்தரை மணிக்கு மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் தங்கம் தெரிந்தாள். தலையில் தாம்பாளம். தாம்பாளத்தில் சாமந்திப்பூ. பூவுக்கு மேல் இரண்டு பெண்டர். பத்தடி நடந்தாள். தாம்பாளத்தைத் தரையில் இறக்கினாள். சூடம் காட்டினாள். பெண்டர்களை வடக்கே நாலு விரற்கடை நகர்த்தினாள். திரும்பத் தூக்கிப் பத்தடி. இறக்கினாள். பச்சைமுத்துவும் ஏசுதாஸும் சைட்டுக்குத் திரும்பி ஓடிய பத்தாவது நிமிஷம் கிளம்பியவள். ஒரு மைல். சூடம் ரெண்டு பெட்டி. பின்னால் பத்துப் பதினைந்து பஞ்சாபிப் பெண்கள் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு, என்ன சாமி என்று தெரியாமலே கூட வந்தார்கள்.

"கொண்டாந்துட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "ஒரு எடத்துல முறை தப்பல."

பச்சைமுத்து ஈரக் கூரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நல்ல வேளை" என்றான். "இப்பதான் தேவப்பட்டுச்சி."

அவன் அதை ஏன் சொன்னான் என்பதை விளக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.

7

முடிவுகள்.

கபூர் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகச் சோதித்து வருகிறார். படுக்கையறைக்குள் நுழைகிறார். ஸ்விட்சைப் போடுகிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. பத்து நிமிஷம் நிற்கிறார். அலுத்துப்போய் சரி என்று குறித்துக்கொள்கிறார். பச்சைமுத்து மிஸ்திரி. இந்தக் கதையில் நீங்கள் சந்தேகமில்லாமல் நம்பும் ஒரே இடம் இதுவாக இருக்கும்.

அல்லது கரண்ட் போகவில்லை. மீரட் கோஷ்டி வந்தது. பச்சைமுத்து மறுபடி செங்கல். இதை எழுதிப் பார்த்தேன். தங்கம் அந்தப் பத்தியில் வாயே திறக்கவில்லை. அவள் பேசாத முடிவு எனக்கு வேண்டாம்.

அல்லது

ஞாயிறு வந்துவிட்டது. ஏசுதாஸும் வந்துவிட்டார். கதையை முடிக்கவில்லை, ஆகவே அவரையே கேட்டேன். "பச்சைமுத்து என்ன ஆனார்?"

"நொய்டாவுல இருக்கான். மிஸ்திரிதான். நாப்பது பேர வெச்சு வேல பாக்கான்." கரண்ட் போனதா என்று கேட்கத் தோன்றவில்லை. "போன வாரம் சொன்னேன் சார், ஒனக்க கோலி கெடச்சிட்டுன்னு. சிரிக்கல. அந்த வீட்டுல யாரு இருக்காங்க, காத்துக்கு என்ன செய்யுதாங்கன்னு கேட்டான். அஞ்சு வருசமா ராத்திரி படுத்தா அந்தப் பைப்புதான் நெனவு வருமாம். ஒடைக்கதுன்னா நான் வந்து ஒடைக்கேன், வேற ஆளத் தொடவிடாதேன்னான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சார்கிட்ட கேட்டுச் சொல்லுகேன்னேன்." ஏணியில் ஏறி உளியைக் கூரையில் வைத்தார். "வேண்டாம்னா பூசி விட்டிரலாம். வெளியத் தெரியாது. இந்த ரூமுல ஆரு படுக்கா சார்?"

நான் கூடத்தில் படுக்கிறேன். விசாலாக்ஷி போன பிப்ரவரியிலிருந்து. அதை அவரிடம் சொல்லவில்லை.

உடைத்தால் கோலி விழும். புதுப் பைப் வைக்கலாம். பச்சைமுத்து வந்து, தங்கத்திடம் உத்தரவு வாங்கிய பெண்டரால் வளைப்பார். ஃபேன் ஓடும். அடியில் யாரும் இருக்கமாட்டார்கள். உடைக்காவிட்டால் கோலி இருக்கும். நொய்டாவில் ஒருவர் தூங்கமாட்டார்.

ஏசுதாஸ் காத்திருக்கிறார். கை வலிக்கிறது என்கிறார். இருபது வரியாக அவரை ஏணியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன். அண்ணாந்து பார்த்தேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.