வடக்குப்பட்டுக் கல்லில் கண்ட கீறல்

எங்கள் ஊர் வரலாற்றுக் காட்சியகத்தில் பார்க்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். வடக்குப்பட்டு ஏரியைத் தூர் வாரும்போது கிடைத்த எழுத்துக் கல். மற்றதெல்லாம் ஓட்டைப் பானை. பொறுப்பாளரான நானே சொல்கிறேன். தொல்லியல் அதிகாரி அருள்பாண்டி வந்து அந்த எழுத்தைப் படித்துப் பதிவு செய்தால் காட்சியகம் பிழைக்கும். இல்லாவிட்டால் கட்டடத்தைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கேன்டீன் வைக்கக் கொடுப்பதென்று மேலிடத்தில் பேசி முடித்தாகிவிட்டது.

அதிகாரி வரப்போவது தெரிந்ததும் அதே கம்பெனி, சமூக சேவை என்று சொல்லிக்கொண்டு, சூப்பர்வைசர் வில்சனையும் ஆட்களையும் சுத்தம் செய்ய அனுப்பியது. வேண்டாமென்றா சொல்ல முடியும்? ஒட்டடை அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதிகாரிக்குப் போடும் பூமாலைக்குச் சொல்லப் பக்கத்து ஊரான தண்டலம் போனேன்.

திரும்பி வந்தால் பானைகளின் கழுத்தில் எல்லாம் சிவப்பு அட்டை. ஒரு வருஷமாக யாரும் தொடாத சாமானுக்கு அப்படி அட்டை கட்டி ஒழித்துக்கட்டுவது ஃபேக்டரி வழக்கமாம். பானை நாசமாய்ப் போகட்டும். கல் சலூன் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓர் எழுத்துகூட இல்லை.

"மேல ஒரே கீறலா இருந்துச்சு வேங்கடலக்ஷ்மி மேடம். கிரைண்டர் போட்டு எடுத்துட்டோம். கைய வெச்சுப் பாருங்க, வழவழன்னு கீது," என்றார் வில்சன், பாராட்டை எதிர்பார்த்து.

அடப்பாவி, அந்தக் கீறலை நம்பித்தானய்யா இந்தக் கட்டடமே நிற்கிறது என்று கத்தினேன். அவர் மிரண்டுபோய், வேலைக்கு முன்னால் எடுத்த போட்டோ கம்பெனி நோட்டீஸ் போர்டில் இருக்கிறது என்றார்.

மறுநாள் அருள்பாண்டியை அங்கே கூட்டிப்போனேன். கேட் பாஸ் வாங்கி, காலுக்குச் சேராத சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு அந்த போர்டின் முன் நின்றோம். 'முன்', 'பின்' என்று இரண்டு படங்கள். முன் படத்தில் எழுத்தெல்லாம் அவ்வளவு தெளிவு. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் 'குறை' என்று எழுதியிருந்தார்கள்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். முதலில் ஏரிக்கு மதகு வைத்தவன் பெயர். அடுத்து, இந்தத் தர்மத்தை அழித்தவன் நரகத்துக்குப் போவான் என்ற சாபம்.

வில்சன் தொண்டையைச் செருமினார். "கிரைண்டர் புடிச்சது கான்ட்ராக்ட் ஆளுங்க சார்."

கல்வெட்டு அன்றே பதிவாகிவிட்டது. இருப்பிடம் என்ற இடத்தில் அருள்பாண்டி கம்பெனியின் பெயரை எழுதினார். எழுத்து எங்கே இருக்கிறதோ அதைத்தானே அம்மா போட முடியும் என்றார்.

காட்சியகம் கேன்டீன் ஆயிற்று. திறப்பு விழாவில் ஊர்ப் பெருமை பற்றி நாலு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது, போகவில்லை.