ஹாலில் ஒரு வெஸ்டர்ன்

"அண்ணே, எனக்கு வீட்ல ஒரு வெஸ்டர்ன் வேணும்" என்று தையல்காரி ஒரு வாரமாக நச்சரித்தாள். மெஷின் மிதித்து மிதித்துத் தங்கைக்கு முட்டி போய்விட்டது, அதுதான் உட்காரச் சௌகரியமாகக் கேட்கிறாள் என்று அண்ணன் தானாகவே முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளம்பரையே கையோடு கூட்டிவந்து நிறுத்திவிட்டார், பாசக்கார மனிதர்.

பிளம்பர் டேப்பை இழுத்தான். "எங்கக்கா வைக்கணும்?"

"ஹால்லதான். வேற எங்க?"

டேப் சுருண்டு உள்ளே ஓடியது. "ஹால்லயா! நாலு பேர் வந்துபோற இடமாச்சேக்கா!"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட மனுஷா, உங்க தங்கச்சி கேட்டது கக்கூஸ் இல்ல, படம்! குதிரை, தொப்பி, துப்பாக்கின்னு வருமே, அதுக்கு அப்படித்தான் பேராம்."

தையல்காரி அந்தப் பழைய படத்தை டிவியில் இருந்த ஆப் ஒன்றுவிடாமல் தேடி அலுத்துப்போயிருந்தாள். கடைசியில் அது நூலகத்தில் டிஸ்க்காகக் கிடைத்தது. பிளேயரையும் சேர்த்து இரவல் வாங்கி வைத்திருந்தாள். டேப்போடு வந்தவனை அதை மாட்டித்தர வந்த ஆள் என்றே நினைத்திருந்தாள்.

அசடு வழிந்த அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளைக்கு எதுக்கு துப்பாக்கிப் படம்? ஃபோன்ல பாரு. எனக்கு விவாதம் ஆரம்பிக்கப்போகுது."

ஞாயிறு மதியம் ஹால் டிவி அவருடையது. அதை யார் முடிவுசெய்தார்கள் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"ஃபோன்ல பாத்தா குதிரை கொசுவாட்டம் தெரியுது. அத்தாம்பெரிய வானத்த உள்ளங்கையில வச்சு எப்படிண்ணே பாக்குறது? நானும் இந்த வீட்டு ஆளுதான். ஹால்லதான் பாப்பேன்."

டிஸ்க்கைப் போட்டாள். அண்ணன் ப்ளக்கைப் பிடுங்கினார். அவள் சொருகினாள். மறுபடி பிடுங்கினார். மறுபடி சொருகினாள். ஊசியில் நூல் கோக்கும்போது இருக்குமே, அதே நிதானம் அவள் முகத்தில். பிறகு ப்ளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப புடுங்குங்க, பாப்போம்."

அண்ணன் துணைக்கு அண்ணியைப் பார்த்தார். அண்ணியோ புடவையை ஒதுக்கிக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்ட பிளம்பர், "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றான்.

அண்ணன் தள்ளி நின்றார். திரை முழுக்கப் புழுதி எழுந்தது.

"சத்தத்தையாவது கொறைச்சு வை!"

"முடியாதுண்ணே" என்றாள் தையல்காரி. சொன்னதோடு நிற்காமல் ரிமோட்டை எடுத்து இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். குளம்புச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.